கல்லுக்குள் திசை: கொழும்பின் மாணிக்கமும் தங்கமும் கருங்கல்லும்

1945ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் திகதி, டப்ளினிலிருந்து ரிச்சர்ட் டாஃப் என்னும் இரத்தினக்கல் ஆய்வாளர் லண்டன் பரிசோதனைக்கூடம் ஒன்றுக்கு ஒரு கல்லை அனுப்பிவைத்தார். இளம் ஊதா நிறம்; எடை 1.419 கரட். உள்ளூர் நகைக்காரர் ஒருவரிடம் வாங்கிய பழைய கற்களோடு கலந்து கிடந்தது அது. நிறம், அடர்த்தி, முறிவுச் சுட்டி எல்லாமே அதை ஸ்பினல் என்று சொல்லின. ஒன்று மட்டும் இடித்தது. உருப்பெருக்கியில் பார்த்தபோது கல்லின் அடிப்பக்கத்துக் கீறல்களும் தூசும் இரண்டிரண்டாகத் தெரிந்தன. ஸ்பினலில் அப்படித் தெரிய வழியே இல்லை.

லண்டனில் பி. டபிள்யூ. அண்டர்சனும் சி. ஜே. பெய்னும் கல்லைச் சோதித்தார்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் கிளாரிங்புல்லும் ஹேயும் எக்ஸ் கதிரும் நுண்ணளவு இரசாயனப் பகுப்பும் செய்தார்கள். பெரிலியமும் மக்னீசியமும் அலுமினியமும் ஒட்சிசனோடு சேர்ந்த, அதுவரை எவரும் பதிவு செய்யாத கனிப்பொருள் என்று தெரிந்தது. 1951இல் முழு விவரமும் வெளிவந்தது. டாஃபைட் என்று பெயரிட்டார்கள். பட்டை தீட்டி முடிந்த கல்லிலிருந்து கண்டறியப்பட்ட முதற் கனிப்பொருள் இதுதான். பின்னால் கிடைத்த டாஃபைட் கற்களுள் பல, இலங்கையின் சரளைப் படிவுகளிலிருந்து வந்தவை. அதற்கு முந்திய காலத்தில் ஸ்பினல் என்ற பெயரில் கொழும்புத் துறைமுகத்தைத் தாண்டிப் போன கற்களிடையே இதுவும் போயிருக்கும்.

டாஃபின் கண்ணில் பட்டது ஒரு பொருளின் உள்ளே இருக்கும் திசை. ஸ்பினலுக்குள் ஒளி எந்தப் பக்கமாகப் போனாலும் ஒரே வேகத்தில் போகும். டாஃபைட்டுக்குள் நுழையும் ஒளி இரண்டாகப் பிரிந்து, இரண்டும் வெவ்வேறு வேகத்தில் போகும்; வேகங்களின் வித்தியாசம் போகும் திசையைப் பொறுத்தது. முதல் வகையை ஐசோட்ரோப்பிக் என்பார்கள், இரண்டாவதை அனைசோட்ரோப்பிக் என்பார்கள். இந்தக் கட்டுரையில் திசையொத்தவை, திசைமாறுபவை என்று வைத்துக்கொள்வோம். மொறட்டுவையிலோ பேராதனையிலோ பொறியியல் படித்தவர்களுக்கு முதலாண்டிலேயே அறிமுகமாகும் பிரிவு இது. ‘உலோகம் திசையொத்தது, மரம் திசைமாறுவது’ என்று இரண்டு பெட்டிகளில் போட்டு மூடிவிடுவது வழக்கம். அந்த மூடியைத்தான் இங்கே கொஞ்சம் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது. திசையொத்தது என்பது பொருளுக்கு ஒட்டிய நிரந்தரப் பட்டம் ஆகாது. எந்தப் பண்பைக் கேட்கிறோம், எந்த அளவில் நின்று கேட்கிறோம், அந்தப் பொருள் என்னவெல்லாம் பட்டு வந்திருக்கிறது என்ற மூன்றையும் பொறுத்து அதே பொருளுக்கு விடை மாறும்.

இதைக் கொழும்பை வைத்துப் பேசுவதில் ஒரு வசதி. செட்டியார் தெருவின் தங்கம், இரத்தினபுரியிலிருந்தும் பேருவளையிலிருந்தும் வந்து சேரும் கற்கள், கொட்டாஞ்சேனையின் கருங்கற்கோயில், வெள்ளவத்தையின் அடுக்குமாடிகள் எல்லாம் சில மைல்களுக்குள் அடங்கிவிடுகின்றன.

கல்லிலேயே தொடங்கலாம். இலங்கைக் கல் வியாபாரத்தில் புழங்கும் கற்களைத் திசைப்படி பிரித்தால், ஸ்பினலும் கார்னட் வகைகளும் ஒரு பக்கம் நிற்கும். நவரத்தினத்தில் கோமேதகம் என்று வைக்கப்படுவதும் ஒரு கார்னட்டே. நீலம், மாணிக்கம், புஷ்பராகம், வைடூரியம், சிர்க்கன், குவாட்ஸ் எல்லாம் மறுபக்கம். முனைவாக்கத் தட்டுகள் இரண்டைக் குறுக்காக வைத்தால் இடையே இருட்டாகும். அந்த இருட்டில் ஒரு கல்லை வைத்துச் சுழற்றும்போது, திசையொத்த கல் இருட்டாகவே இருக்கும். திசைமாறும் கல் ஒரு முழுச் சுற்றில் நான்கு முறை ஒளிர்ந்து நான்கு முறை அணையும். சிவப்பு ஸ்பினலையும் மாணிக்கத்தையும் பிரிக்க இதைவிட மலிவான வழி இல்லை. ஐரோப்பிய அரச கிரீடங்களில் மாணிக்கம் என்று பல நூற்றாண்டுகள் வீற்றிருந்த சில கற்கள் ஸ்பினல் என்று பின்னால் தெரிந்ததை நினைத்தால், இரண்டு தட்டுகளுக்கு எவ்வளவு பெறுமதி என்பது விளங்கும். பிரிட்டிஷ் கிரீடத்தின் ‘கறுப்பு இளவரசரின் மாணிக்கம்’ அவற்றுள் ஒன்று.

சோதனை எளிது, ஆனால் ஏமாற்றும். திசைமாறும் பளிங்கு எதிலும் ஒளி பிளவுபடாமல் போகும் ஒரு திசையோ இரண்டு திசைகளோ உண்டு. அவற்றுக்கு ஒளியச்சு என்று பெயர். நீலக்கல்லுக்கு ஓரச்சு. அந்த அச்சின் வழியே பார்த்தால் நீலக்கல்லும் ஸ்பினலைப் போலவே நடந்துகொள்ளும். இங்கேதான் தொழில் நுழைகிறது. நீலக்கல்லின் நிறமும் திசையைப் பொறுத்தது: அச்சின் வழியே பார்த்தால் ஊதா கலந்த ஆழ்ந்த நீலம், அச்சுக்குக் குறுக்கே பார்த்தால் பச்சை கலந்த வெளிறிய நீலமும் சேர்ந்து வரும். ஆகவே நல்ல வெட்டுக்காரர் கல்லின் மேல்முகத்தை அச்சுக்குச் செங்குத்தாக வைப்பார். கல்லை மேலிருந்து பார்ப்பவருக்குச் சிறந்த நிறம் கிடைக்கும். அதே பார்வையில் சோதனை எதுவும் காட்டாது. பக்கவாட்டில் திருப்பிப் பார்க்காதவர் ஏமாறுவார்.

இலங்கைப் பாணியில் வெட்டிய பழைய நீலக்கற்கள் பலவற்றின் அடிப்பாகம் கோணலாகவும் தடித்தும் இருப்பதை வெளிநாட்டு வியாபாரிகள் நெடுங்காலம் குறை சொன்னார்கள். அதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. கரட்டுக்குக் கரட் விலை பேசும் சந்தையில், மூலக்கல்லின் எடையைக் காப்பதும் அச்சின் நிறத்தைப் பிடிப்பதும் எதிரெதிரே இழுக்கும். இலங்கை நீலத்தில் நிறம் பெரும்பாலும் பட்டைபட்டையாகவோ ஓரிடத்தில் திரண்டோ இருக்கும். அந்தத் திரட்சியைக் கல்லின் அடிமுனைக்குக் கொண்டுபோய்விட்டால் மேலிருந்து பார்க்கும்போது கல் முழுவதும் நீலமாகத் தெரியும். கோணல் அடிப்பாகத்தை இந்தக் கணக்கின் விளைவு என்று படிப்பதே நியாயம் என்பது என் எண்ணம்.

நட்சத்திர நீலத்தில் திசைக் கணக்கு இன்னும் இறுக்கமாகும். கல்லுக்குள் ரூட்டைல் என்னும் தைத்தேனியம் ஒட்சைட்டின் நுண்ணூசிகள், ஒளியச்சுக்குச் செங்குத்தான தளத்தில், ஒன்றுக்கொன்று 60 பாகைச் சாய்வில் மூன்று வரிசையாக வளர்ந்திருக்கும். ஒவ்வொரு வரிசையும் தனக்குக் குறுக்கே ஓர் ஒளிக்கோட்டைத் தெறிக்கும். மூன்று கோடுகள் சந்திக்கும்போது ஆறு கதிர் நட்சத்திரம் பிறக்கும். கல்லை வெட்டாமல் குவிந்த மேடாக உருட்டி, மேட்டின் உச்சியை அச்சுக்கு நேரே வைத்தால் நட்சத்திரம் நடுவில் நிற்கும். சற்றே சாய்ந்தாலும் ஓரத்துக்கு ஓடிவிடும், விலையும் கூடவே ஓடும். நியூயோர்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கும் 563 கரட் ‘இந்திய நட்சத்திரம்’ இலங்கையில் எடுத்த கல். பெயரில் இந்தியா எப்படி ஏறியது என்று கேட்பது நம் ஊரில் பழைய கோபம். அதை இங்கே கிளற வேண்டாம்.

இதுவரை சொன்னதெல்லாம் ஒளி பற்றியது. ஸ்பினல் திசையொத்தது என்று எழுதியதும் அங்கேதான் செல்லும். அதே ஸ்பினலை நெருக்கி, எந்தத் திசையில் எவ்வளவு விறைப்பு என்று அளந்தால் திசைக்குத் திசை எண் மாறும். வைரமும் ஒளிக்குத் திசையொத்ததுதான். ஆனால் அதன் கடினம் திசைக்குத் திசை மாறும். அப்படி மாறாவிட்டால் வைரத்தை வைரத்தூளால் தீட்ட முடியாது. தூளின் துகள்கள் எல்லாத் திசையிலும் கிடப்பதால், சில துகள்களின் கடினமான பக்கம் கல்லின் மென்மையான திசையைச் சுரண்டும். கயனைட் என்னும் நீலக் கனிப்பொருளில் இந்த வேறுபாடு கையில் பிடித்துப் பார்க்கும் அளவுக்குப் பெரிது: நீளவாட்டில் மோஸ் அளவீட்டில் சுமார் 4.5, குறுக்கே 6.5. பேனாக்கத்தி ஒரு திசையில் கீறும், மறுதிசையில் வழுக்கும்.

ஒரே பளிங்கு ஒளிக்கு ஒரு முகமும் பலத்துக்கு இன்னொரு முகமும் காட்டுவது ஏன்? ஸ்பினலிலும் வைரத்திலும் தங்கத்திலும் அணுக்கள் கனசதுர ஒழுங்கில் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒளியின் வேகத்தைத் தீர்மானிக்கும் பண்பை ஒரு நீள்கோள வடிவமாக வரையலாம்: எந்தத் திசையில் அதன் ஆரம் என்னவோ, அந்தத் திசைக்கு அதுவே பண்பின் அளவு. கனசதுரத்தின் மூன்று அச்சுகளும் ஒன்றுக்கொன்று சமம் என்பதால் நீள்கோளத்தின் மூன்று ஆரங்களும் சமமாகியே தீரவேண்டும். மூன்றும் சமமான நீள்கோளம் உருண்டை. உருண்டைக்குத் திசை இல்லை. விறைப்போ இத்தனை எளிய வடிவத்துக்குள் அடங்குவதில்லை. எந்தத் திசையில் தகைப்பு, எந்தத் தளத்தின்மேல், எந்தத் திசையில் விகாரம், எந்தப் பக்கம் சார்ந்து என்று நான்கு திசைகள் சேர்ந்த கணக்கு அது. கனசதுரச் சமச்சீரால் அதை முழுதாக மழித்து உருண்டையாக்க முடியாது. முகத்துக்கு முகம் போகும் திசையில் ஓரளவும் மூலைக்கு மூலை போகும் திசையில் வேறோர் அளவும் மிஞ்சும்.

விறைப்பை விவரிக்க எத்தனை எண்கள் வேண்டும் என்ற கணக்கு 19ஆம் நூற்றாண்டில் பெரிய சண்டையை மூட்டியது. நவியேயும் கோஷியும், அணுக்கள் தம்மை இணைக்கும் கோட்டின் வழியே மட்டும் ஒன்றையொன்று இழுப்பதாக எடுத்துக்கொண்டு, திசையொத்த பொருளுக்கு ஒரே மீள்தன்மை எண் போதும், மிகச் சிக்கலான பளிங்குக்கும் 15 போதும் என்றார்கள். நொட்டிங்காமில் மாவு ஆலை வைத்திருந்த ஜோர்ஜ் கிரீன், அணுக்களைப் பற்றி எந்த எடுகோளும் இல்லாமல் சக்தியிலிருந்து தொடங்கி, முறையே 2, 21 என்று காட்டினார். சண்டை பல பத்தாண்டுகள் நீடித்தது. 1880களின் பிற்பகுதியில் வொல்டெமார் வோய்க்ட் பளிங்குகளை வெட்டி, வளைத்து, முறுக்கி அளந்தபோது மாவு ஆலைக்காரரின் கணக்கே நின்றது. கோஷியின் கணக்குச் சரியானால், திசையொத்த பொருள் எல்லாவற்றிலும் இழுக்கும்போது குறுக்கே சுருங்கும் விகிதம், அதாவது புவாசோன் விகிதம், கால் ஆக வேண்டும். தங்கத்தில் அது 0.42க்கு மேல். செட்டியார் தெருக் கம்பி ஒன்றே அந்தக் கோட்பாட்டை உடைக்கப் போதும்.

தங்கத்துக்கு வருவோம். கலப்பில்லாத தங்கத்தின் தனிப் பளிங்கு ஒன்றை, கனசதுரத்தின் முகத்துக்கு முகம் போகும் திசையில் இழுத்தால், விறைப்பின் அளவான யங்கின் மட்டு ஏறக்குறைய 43 கிகாபஸ்கல். மூலைக்கு மூலை போகும் திசையில் ஏறக்குறைய 116. இரண்டரை மடங்குக்கு மேற்பட்ட வித்தியாசம். ஆனால் கைநூல் எல்லாவற்றிலும் தங்கத்துக்கு ஒரே எண்தான் இருக்கும், 79 அல்லது அதையொட்டி. இரண்டும் சரி. காப்பு செய்யும் தங்கம் தனிப் பளிங்கு அல்ல. ஆயிரக்கணக்கான நுண்மணிகள் ஒட்டிக்கொண்ட பல்பளிங்கு. மணி ஒன்றின் அகலம் 50 மைக்ரோமீற்றர் என்று வைத்தால், ஒரு கன மில்லிமீற்றருக்குள் 8,000 மணிகள். ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு ஒரு பக்கம் பார்த்துக் கிடக்கும். கூட்டாக எடுக்கும்போது திசைகள் ஒன்றையொன்று அழித்து, மொத்தம் திசையொத்ததாகிவிடும். உலோகங்களுக்கு நாம் வழங்கும் ‘திசையொத்தது’ என்ற நற்சான்று, பெரும்பாலும் இந்தக் குழப்பத்தின் சராசரிக்குக் கிடைத்ததே.

சராசரிக்கு ஆட்கள் வேண்டும். 0.2 மில்லிமீற்றர் கம்பியின் குறுக்கே 50 மைக்ரோமீற்றர் மணிகள் நான்குதான் அடங்கும். அங்கே சராசரி தள்ளாடும். தங்கத்தை அளவுக்கு மீறிச் சுட்டுவிட்டால் மணிகள் ஒன்றையொன்று விழுங்கிப் பெருக்கும். அப்படிப்பட்ட தகட்டை வளைக்கும்போது பக்கத்துப் பக்கத்து மணிகள் தங்கள் தங்கள் திசைப்படி வெவ்வேறளவு நெளிய, பளபளத்த மேற்பரப்பு சொரசொரப்பாகிவிடும். பத்தருக்கு அது ‘சூடு கூடிப்போச்சு’. பளிங்குகளின் திசைக்குணம் வெறுங்கண்ணுக்குத் தெரியும் அபூர்வ தருணம் அது.

பட்டறையின் மற்ற வேலைகளும் திசையோடு தொடர்புடையவை. உருளைகளுக்கிடையே தகட்டை மீண்டும் மீண்டும் ஒரே பக்கமாக ஓட்டினால், மணிகள் நீளுவதோடு, அவற்றின் பளிங்கு அச்சுகளும் மெல்ல ஒரே பக்கம் திரும்பிவிடும். அப்போது தகடு ஓட்டிய திசையில் ஒரு குணமும் குறுக்கே வேறு குணமும் காட்டும். அந்தத் தகட்டிலிருந்து கிண்ணம் அடித்தால் விளிம்பு சமமாக எழாமல் பெரும்பாலும் நாலு இடத்தில் காதுபோல் தூக்கும். கம்பி இழுக்கும்போதும் இதே கதை. இடையிடையே சூடாக்கி ஆறவிடுவது தங்கத்தை மென்மையாக்கும், புதிய மணிகளை வளர்க்கும்; ஆனால் பழைய திசை முழுதாக அழிந்துவிடும் என்று நம்பக்கூடாது. புது மணிகளும் பலவேளை ஓர் ஒழுங்கோடுதான் பிறக்கும்.

வெள்ளவத்தையில் ஒரு காலம் நூல் நூற்று நெய்யும் பெரிய மில் இருந்தது. அங்கே 1933இல் நடந்த வேலைநிறுத்தம் இலங்கை இடதுசாரி இயக்கத்தின் தொடக்க வரலாற்றில் தவறாமல் வரும். மில் நெய்த துணியே திசைமாறும் பொருளுக்கு மிகத் தெளிவான உதாரணம். பாவு நூல் வழியே இழுத்தாலும் ஊடு நூல் வழியே இழுத்தாலும் துணி முறைக்கும். மூலைவாட்டில் இழுத்தால் நெகிழும். பிளவுஸ் தைக்கும் கடைகளில் ‘கிறாஸ் கட்’ கேட்டால் துணி கூடுதலாக வேண்டும் என்பது இந்த நெகிழ்ச்சிக்கு நாம் கொடுக்கும் விலை. பொறியியலில் இத்தகைய பொருளை மூன்று செங்குத்துத் திசைகளால் விவரிக்கலாம். அதற்கு ஒன்பது மீள்தன்மை எண்கள் தேவை. மரமும் அதே கூட்டம்.

மில் இருந்த அதே வெள்ளவத்தை இன்று கொன்கிறீற்றால் நிறைந்திருக்கிறது. கொன்கிறீற்றில் போடும் சல்லி, இலங்கையின் பழம்பாறையான நைஸை உடைத்தது. நைஸ் அடுக்கடுக்கான பாறை, திசைமாறுவது. அதையே உடைத்து, கலக்கி, ஊற்றிவிட்டால் ஒவ்வொரு சல்லியும் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு இறுகும். கிடைப்பது ஏறக்குறைய திசையொத்த பொருள். தங்கத்தில் மணிகள் செய்ததைத்தான் இங்கே சல்லி செய்கிறது. ஒருபடித்தானது என்பதையும் திசையொத்தது என்பதையும் குழப்பிக்கொள்பவர்கள் இதைக் கவனிக்கலாம்: கொன்கிறீற்று ஒருபடித்தானதல்ல, ஆனாலும் ஏறக்குறைய திசையொத்தது, நீலக்கல்லின் தெளிவான ஒரு துண்டு ஒருபடித்தானது, ஆனாலும் திசைமாறுவது. ‘ஏறக்குறைய’ என்ற சொல்லும் வெறும் மரியாதைக்கு இல்லை. மைக்கா மிகுந்த நைஸ் தட்டையான சல்லியாக உடையும். தட்டைச் சல்லி படுத்துக்கொள்ளும். அதன் அடியில் நீர் தேங்கி ஒட்டுப்பலம் குறையும். சல்லியின் தட்டைத்தன்மைக்குக் கட்டிட நியமங்கள் வரம்பு வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிறகு வேண்டுமென்றே திசை சேர்க்கிறோம். கொன்கிறீற்று நெருக்கலைத் தாங்கும்; இழுவையில் உடையும். இழுவை எங்கே வருமோ அங்கே, அது வரும் திசையில் கம்பி போடுகிறோம். நீளம் அகலத்தின் இரண்டு மடங்கைத் தாண்டும் தளத்தட்டில் பிரதான கம்பி குறுகிய பக்கமாக ஓடும். நீளவாட்டில் ஓடுவது விரிசலைக் கட்டுப்படுத்தும் துணைக்கம்பி. வெளியே நீட்டிய பல்கனியில் இழுவை மேல்பக்கம் வரும், கம்பியும் மேலே இருக்க வேண்டும். கொன்கிறீற்று இறுகியபின் இரண்டு தட்டுகளும் பார்வைக்கு ஒன்றுதான். வாங்கிய வீட்டைத் திருத்தும்போது குழாய்க்காக நீளமான ஓட்டை வெட்டச் சொல்பவர்கள், ‘சின்ன ஓட்டைதானே’ என்று அளவை மட்டும் சொல்வார்கள். பிரதான கம்பிக்கு இணையாக வெட்டிய ஓட்டை ஒன்றிரண்டு கம்பியோடு போகும். குறுக்கே வெட்டினால் அதே அளவு ஓட்டை ஆறேழைத் துண்டிக்கும். அந்தக் கம்பியின் இரும்பும் உள்ளே பல்பளிங்குதான். தனிப் பளிங்காக இரும்பின் மட்டு திசையைப் பொறுத்து ஏறக்குறைய 130 முதல் 280 கிகாபஸ்கல் வரை போகும். வரைபடம் போடும் பொறியியலாளர் அதை மறந்து 200 என்று எழுதலாம், தப்பில்லை.

கொட்டாஞ்சேனைப் பக்கம் போனால் கல்லை உடைத்துக் கலக்காமல் முழுதாக நிறுத்திய இடம் ஒன்று உண்டு. கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலை 1857இல் பொன்னம்பல முதலியார் கட்டினார். அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907இல் தொடங்கி 1912க்குள் அதைக் கருங்கல்லால் திருப்பிக் கட்டினார். கருங்கல் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் உருகி உறைந்த கிரனைட்டும், மிகுந்த வெப்ப அழுத்தத்தில் மடங்கி உருமாறிய நைஸும், சார்னோக்கைட்டும் அடக்கம். கல் உடைப்பவர்களுக்கு இவற்றின் பெயர் தெரியாவிட்டாலும் ஓட்டம் தெரியும். கல்லில் ஒரு திசையில் வரிசையாகத் துளையிட்டு ஆப்பு இறக்கினால் வெண்ணெயாகப் பிளக்கும். வேறொரு திசையில் ஆப்பு திரும்பி வரும். மைக்காத் தகடுகள் ஒரே பக்கம் படுத்திருப்பதும், கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் ஒரே சாய்வில் ஓடுவதும் அதற்குக் காரணம். சிற்ப மரபு கல்லைத் தட்டி ஓசை கேட்டு ஆண்கல், பெண்கல், அலிக்கல் என்று வகுத்தது. பூமியில் அது கிடந்த கிடையையும் கவனிக்கச் சொன்னது. சாத்திர மொழியை அப்படியே பௌதிகமாக்கிப் பெருமைப்படுவதில் எனக்கு விருப்பமில்லை. ஆயினும் கிடையைக் குறித்துவைக்கும் பழக்கத்துக்கு நடைமுறைப் பயன் இருக்கிறது: தூணுக்குத் தூண் போட்ட கல் உத்தரத்தின் அடிப்பக்கம் இழுவையில் இருக்கும். அடுக்கு உத்தரத்தின் நீளவாட்டில் ஓடினால் தாங்கும்; குறுக்கே நிறுத்தி அடுக்கினால் ஓரடுக்கும் அடுத்த அடுக்கும் பிரியும் இடத்தில் முறியும். தூணில் ஆபத்து வேறு சாய்வில் இருக்கிறது. அடுக்குள்ள பாறையை நெருக்கிச் சோதிக்கும்போது, அடுக்கு சுமையின் திசைக்கு 30 பாகையளவில் சரிந்து கிடந்தால்தான் பலம் மிகக் குறைவு; படுத்தாலும் நின்றாலும் அதைவிட அதிகம்.

இராமநாதனின் தாய் வழி மாமன் சேர் முத்துக் குமாரசுவாமி. அவருடைய மகன் ஆனந்த குமாரசுவாமி, 1877இல் கொழும்பில் பிறந்தவர். கலை வரலாற்றுக்காக உலகம் அறிந்த அவர் தொழிலால் முதலில் நிலவியலாளர். 1900இல் இலங்கைப் பாறைகளையும் காரீயத்தையும் பற்றி லண்டன் நிலவியல் சங்கத்தின் இதழில் எழுதினார். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவைத் திணைக்களத்தின் முதல் பணிப்பாளராக இருந்தார். பாறையைக் கண்ணாடிபோல் மெலிதாகத் தேய்த்து, குறுக்கான முனைவாக்கிகளுக்கிடையே நுணுக்குக்காட்டியில் பார்ப்பதுதான் அக்காலப் பாறையியலின் அடிப்படை வேலை. குவாட்ஸும் பெல்ஸ்பாரும் நிறங்காட்டிச் சுழல, கார்னட் மட்டும் கரும்புள்ளியாக அசையாமல் நிற்கும். மைத்துனர்கள் இருவரில் ஒருவர் கருங்கல்லை உத்தரமாக ஏற்றினார், மற்றவர் அதையே ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிதாக்கிப் பார்த்தார்.

குமாரசுவாமி எழுதிய காரீயம் திசைமாறுதலின் எல்லைக்கோடு. ஒரு தகட்டுக்குள் காபன் அணுக்கள் 0.142 நானோமீற்றர் இடைவெளியில் இறுகப் பிணைந்திருக்கும்; தகட்டுக்கும் தகட்டுக்கும் இடையே 0.335 நானோமீற்றர், பிடிப்பும் மிகத் தளர்வு. தகட்டு வழியே வெப்பம் செப்பைவிட நன்றாக ஓடும்; குறுக்கே நூறில் ஒரு பங்கும் ஓடாது. போகலையிலும் கஹட்டகஹவிலும் நாளங்களாக எடுக்கப்படும் இந்தக் காரீயம் கொழும்புத் துறைமுகம் வழியாகப் போய், உலோகம் உருக்கும் மூசைகளாக மேலைநாட்டு ஆலைகளில் நின்றது. முதலாம் உலகப் போர்க் காலம் அதன் உச்சம்.

1904இல் பலாங்கொடைப் பகுதியிலிருந்து வந்த கறுப்பான, கனத்த கனசதுரப் பளிங்குகள் குமாரசுவாமியின் கவனத்துக்கு வந்தன. லண்டன் இம்பீரியல் நிறுவனத்தில் வின்டம் டன்ஸ்டனின் பகுப்பு, பெரும்பகுதி தோரியம் ஒட்சைட் என்று காட்டியது. தோரியனைட் என்று பெயர் பெற்றது. காஸ் விளக்கின் திரிவலைக்குத் தோரியம் தேடப்பட்ட காலம் என்பதால் விலையும் கிடைத்தது. திசை பற்றிய நம் கணக்கில் அதற்கு வேறோர் இடம் உண்டு.

இலங்கைச் சரளையில் சிர்க்கன் ஏராளம். நிறமற்றது ‘மாத்தறை வைரம்’ என்று விற்கப்பட்டது. ஒளி இரண்டாகப் பிரியும் அளவை இரட்டை முறிவு என்பார்கள்; நல்ல சிர்க்கனில் அது 0.059, நீலக்கல்லின் 0.008க்கு ஏழு மடங்கு. உருப்பெருக்கியில் அடிப்பட்டைகளின் விளிம்பு எல்லாம் இரட்டைக்கோடாகத் தெரிவதால் மெய்யான வைரத்திடமிருந்து உடனே பிரித்துவிடலாம். ஆனால் இலங்கையின் பச்சைச் சிர்க்கன்கள் சிலவற்றில் இரட்டைக்கோடு மங்கிப் போயிருக்கும், சிலவற்றில் அறவே இல்லை. சிர்க்கனுக்குள் சிறிதளவு யுரேனியமும் தோரியமும் உண்டு. அவை சிதையும் ஒவ்வொரு தடவையும், பின்னோக்கி உதைபடும் அணுக்கரு பக்கத்து அணுக்களை ஆயிரக்கணக்கில் இடம்பெயர்க்கும். 50 கோடி ஆண்டுகளுக்கு மேலாக இது நடந்தால் பளிங்கின் ஒழுங்கு சிதைந்து கண்ணாடியாகிவிடும். அடர்த்தி 4.7இலிருந்து 4.0 வரை இறங்கும், முறிவுச் சுட்டி 1.92க்கு மேலிருந்து 1.8க்கு இறங்கும், திசை போய்விடும். 1953இல் எஹலியகொடைச் சரளையில் எஃப். எல். டி. ஏக்கநாயக்க கண்டெடுத்து, 1961இல் ஏக்கனைட் என்று பெயர் பெற்ற பச்சைக் கல் இன்னும் மேலே போனது. அதன் தோரியமே அதன் பளிங்கை முழுதாக அழித்துவிட்டது. முனைவாக்கிகளுக்கிடையே அது வெறும் கண்ணாடி.

தோரியனைட்டில் இவற்றைவிட மிக அதிகமாகத் தோரியம். அது சிதையவில்லை. அதன் அணு அடுக்கில் இடம்பெயர்ந்த அணுக்கள் விரைவில் தம் இடத்துக்குத் திரும்பிவிடுகின்றன. கனசதுரம் கனசதுரமாகவே நிற்கிறது. ஆக ஏக்கனைட்டும் தோரியனைட்டும் ஒளிச் சோதனையில் தரும் விடை ஒன்றே, திசை இல்லை என்பது. ஒன்று ஒழுங்கு அழிந்ததால் திசையொத்தது, மற்றது ஒழுங்கு கனசதுரமாக இருப்பதால் திசையொத்தது. விறைப்பை அளந்தால் இரண்டும் உடனே பிரிந்துவிடும்: கண்ணாடியான ஏக்கனைட்டுக்கு இரண்டு எண் போதும், தோரியனைட்டுக்கு மூன்று வேண்டும்.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். கண்ணாடியை நெருக்கினால், நெருக்கும் வரை அது இரட்டை முறிவு காட்டும். டேவிட் புரூஸ்டர் 1810களில் கண்ட இதைப் பின்னால் பொறியியலாளர்கள் பாலங்களின் மாதிரியில் தகைப்பு வரிகளைப் படிக்கப் பயன்படுத்தினார்கள். வெர்னோய் முறையில் சுடரில் உருக்கிச் செய்யும் செயற்கை ஸ்பினலில் குளிரும்போதே உட்தகைப்பு உறைந்துவிடுகிறது. நீலக்கல் என்று சொல்லி அதை நீட்டுபவர்கள் உண்டு. குறுக்கான தட்டுகளுக்கிடையே சுழற்றும்போது அது முழு இருட்டாகவும் இருப்பதில்லை, நான்கு முறை ஒழுங்காக ஒளிர்ந்து அணைவதும் இல்லை. கோடுகோடாக நிழல் நெளியும். இயற்கை ஸ்பினல் அப்படி நெளிவது அபூர்வம். அந்த நெளிவைக் கண்ட வியாபாரி அதற்குமேல் சோதிக்காமல் கல்லைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்.